விரலுக்கும் கர்சருக்கும் நடுவே: லிப்இன்புட் மீது ஒரு திறனாய்வு

லினக்ஸில் டச்பேட் மக்கர் செய்தால் என்ன செய்வது என்பதற்கான குறிப்புகள் இருபது ஆண்டுகளாகக் கைமாறி வருகின்றன. பிஎஸ்மவுஸ் என்னும் கர்னல் மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். பூட் ஆகும்போது கர்னலுக்குப் போகும் வரியில் ஒரு சொல்லைச் சேருங்கள். இந்தக் கோப்பைத் திறந்து இந்த நான்கு வரிகளை ஒட்டுங்கள். பல நேரம் பலிக்கவும் செய்கின்றன. ஏன் பலித்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. பலிக்காதபோது அடுத்து எங்கே பார்ப்பது என்றும் தெரியாது.

இந்தக் குறிப்பு மரபை முடித்துவைக்க வந்தது என்று ஒரு சாராரும், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுக்க வந்தது என்று மறு சாராரும் சொல்வது லிப்இன்புட் என்னும் நிரலகத்தை. சாளரங்களைக் கோத்துத் திரையில் காட்டும் மென்பொருளைக் கம்போசிட்டர் என்பார்கள்; யோனாஸ் ஓடால் லிப்இன்புட்டை வெஸ்டன் என்ற கம்போசிட்டரிலிருந்து பிரித்துத் தனி உருவம் கொடுத்தார். ரெட் ஹாட் நிறுவனத்தின் பீட்டர் ஹுட்டரர் பேணி வளர்த்தார். 2015 ஆகஸ்டில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு மே மாதம் வெளியான ஃபெடோரா 22 அதை இயல்பு டிரைவராக ஏற்றுக்கொண்டிருந்தது. பழைய சினாப்டிக்ஸ் டிரைவரைப் பேணியவரும் ஹுட்டரர்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். பழையதன் உள்ளும் புறமும் அறிந்தவர் அதன்மேல் எழுதிய விமர்சனமாகவே புதியதை வாசிக்கலாம்.

மெச்சுவோர், ஏசுவோர் இருவரின் வாதங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. மெச்சுவோர் கட்டமைப்பைப் பேசுகிறார்கள். ஏசுவோர் கைச்சுகத்தைப் பேசுகிறார்கள். கோளாறு நீக்கும் கருவி என்ற முறையில் இதை எடைபோட வேண்டுமானால் அளவுகோல் வேறாக இருக்க வேண்டும். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அது காட்டுகிறதா? ஒருவர் கண்டடைந்த தீர்வு அவரோடு முடிந்துபோகிறதா, அடுத்தவருக்கும் போய்ச் சேருகிறதா? முதல் கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் குறைவு. இந்தத் துறையின் உண்மையான முன்னேற்றம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பழையதற்கு நியாயம் செய்வோம். சினாப்டிக்ஸ் டிரைவர் 2000-களின் தொடக்கத்தில், டச்பேட்டை லினக்ஸ் வெறும் மவுஸாக மட்டுமே நடத்திய காலத்தில் எழுந்தது. ஃபெடரிகோ ஃபஜின், கார்வர் மீட் இருவரும் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கினாலும், பிற்காலத்தில் ஆல்ப்ஸ், எலான் பேட்களையும் அதுவே ஓட்டியது. ஓர விரல் ஸ்க்ரோல், வட்டமாகச் சுழற்றி ஸ்க்ரோல், விரலை எடுத்த பின்னும் பக்கம் வழுக்கிச் செல்லும் ஓட்டம் எல்லாம் அதில் இருந்தன. சின்கிளையண்ட் என்ற கட்டளையால் ஒவ்வோர் எண்ணையும் அமர்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி, அடுத்த நொடி விரலால் சோதித்துப் பார்க்கலாம். பயனருக்கு அவ்வளவு அதிகாரம் கொடுத்த இன்னொரு டச்பேட் டிரைவரைச் சொல்வது கடினம்.

அந்த அதிகாரத்துக்குக் கொடுத்த விலையும் பெரிது. அதன் அளவுகளில் பெரும்பாலானவை அந்தந்தப் பேட்டின் சொந்த எண்களில் இருந்தன. விரல் பட்டதாகக் கொள்ளும் வரம்பு 30 என்று ஒருவர் எழுதினால், அந்த 30 இன்னொரு பேட்டில் வேறொன்றைக் குறிக்கும். ஒரு லேப்டாப்பில் முழுமையாகப் பலித்த கோப்பு பக்கத்து லேப்டாப்பில் கர்சரை நடுங்கவைத்ததற்கு இதுவே காரணம். விருப்பங்கள் ஒன்றையொன்று பாதித்தன என்பது அடுத்த குறை. ஆம், இல்லை என்ற பத்து விருப்பங்கள் மட்டுமே இருந்தாலும் 1,024 சேர்க்கைகள் ஆகும். இங்கே இருந்தவை பல பத்து. எந்தப் பராமரிப்பாளரும் இத்தனையையும் சோதித்துவிட்டு வெளியிட முடியாது. ஆரம்ப காலத்தில் இந்த அமைப்புகளை மாற்றத் திறந்துவைத்த பகிர்வு நினைவகம், பலர் புழங்கும் கணினியில் பாதுகாப்பற்றது என்று டிரைவரின் கையேடே எச்சரித்தது.

ஆனால் இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. பேட் தன் அகலத்தைத் தவறாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சினாப்டிக்ஸ் பயனர் நான்கு எண்களைத் திருகி அந்தத் தவறைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அவருடைய கர்சர் சரியாகிவிடும். தவறு கர்னலில் அப்படியே இருக்கும். அதே மாடலை வாங்கிய அடுத்தவர் அதே நான்கு எண்களைத் தேடி அலைவார். ஒரே கோளாறுக்கு ஆயிரம் பேர் தத்தம் கோப்பில் ஆயிரம் தீர்வு எழுதிய காலம் அது.

லிப்இன்புட் இந்த இடத்தில்தான் முறையை மாற்றியது. அது எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் கணக்கிடுகிறது. அதற்குப் பேட்டின் உண்மையான அளவு தெரிந்தாக வேண்டும். கர்னல் தவறான அளவைத் தந்தால் அது சமாளித்துக்கொள்ளாமல் வெளிப்படையாகத் தடுமாறும். இந்தப் பிடிவாதத்தைப் பலர் குறையாகக் கண்டார்கள். நான் அதை நிறையாகவே கொள்கிறேன். தடுமாற்றம் வெளியே தெரிந்தால்தான் அதன் வேரைத் தேடிப் போவார்கள். அளவுகோலை எடுத்துப் பேட்டை அளந்து, அந்த அளவைக் கட்டளையோடு கொடுத்து, நான்கு ஓரங்களையும் விரலால் தடவினால், பேட் சொன்ன எல்லைக்கும் உண்மை எல்லைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் கருவி அதனுடனேயே வருகிறது. அந்த வேறுபாடு யூடெவ் அமைப்பின் வன்பொருள் பட்டியலில் ஒரு பதிவாகிறது. அடுத்த வெளியீட்டில் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் கோளாறு மறைந்துவிடும். அப்படியொரு கோளாறு இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரியப்போவதில்லை.

கண்டறியும் முறையிலும் இதே தெளிவு. விரலுக்கும் கர்சருக்கும் நடுவே வன்பொருள், பஸ், கர்னல் டிரைவர், நிகழ்வு வாயில், லிப்இன்புட், கம்போசிட்டர், செயலி என்று பல அடுக்குகள் உள்ளன. ஈவ்டெஸ்ட் என்ற சிறு கருவி கர்னல் வாயிலில் நின்று பார்க்கிறது. அங்கே விரலின் ஆயங்கள் வரவில்லையானால் மேலே எதைத் திருகியும் பயனில்லை. அங்கே வந்து, லிப்இன்புட்டின் டிபக்-ஈவண்ட்ஸ் கட்டளையில் ஸ்க்ரோலாக மாறவில்லையானால் குற்றம் நிரலகத்தினுடையது. இரண்டிலும் சரியாக இருந்து திரையில் மட்டும் தவறானால் டெஸ்க்டாப்பைக் கேளுங்கள். இப்படி இரண்டு பார்வையில் முக்கால்வாசித் தேடலைக் குறைத்துவிடலாம். குறிப்பு மரபில் இந்த ஒழுங்கு இருந்ததே இல்லை.

அதன் ரெக்கார்ட் கட்டளை இன்னும் ஒரு படி மேல். பயனர் விரலால் செய்வதை அப்படியே பதிவு செய்து அனுப்பினால், அந்தப் பேட் தன்னிடம் இல்லாத பராமரிப்பாளர் தன் கணினியில் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். “சில சமயம் கர்சர் குதிக்கிறது” என்ற புகார் சோதனைக்கு உட்படும் சான்றாக மாறுகிறது. பதிவாகும் விசைகளில் எழுத்துகளும் எண்களும் இயல்பாகவே மறைக்கப்படுகின்றன. கடவுச்சொல் வெளியே போகாது. பகிர்வு நினைவகத்தைத் திறந்துவைத்த பழைய டிரைவரோடு ஒப்பிட்டால் இந்தக் கவனத்தின் மதிப்பு விளங்கும்.

இந்த முறையின் வலிமையைக் காட்ட ஒரு வழக்கைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2020-இல் ஏஎம்டி ரைசன் சிப்போடு வந்த லெனோவோ லீஜியன் 5 லேப்டாப்களில் லினக்ஸ் ஏற்றினால் டச்பேட் வேலை செய்யவில்லை. பேட்டின் பெயர் கர்னல் பட்டியலில் இருந்தது. டிரைவர் சரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பேட் ஐ2சி பஸ்ஸில் இருந்தது. அதற்கான ஹிட் நெறிமுறை 2013-இல் வந்த கர்னல் 3.8-இலிருந்தே ஆதரிக்கப்படுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வாயிலில் நின்று பார்த்தால் கிட்டத்தட்ட மௌனம். விநாடிக்கு நூற்றுக்கு மேல் வர வேண்டிய குறுக்கீட்டுச் சமிக்ஞைகள் ஏழெட்டு மட்டுமே வந்துகொண்டிருந்தன.

இங்கே மரபு வழக்கம்போல் வேலை செய்தது. குறுக்கீட்டுக்குக் காத்திராமல் பேட்டை இடைவிடாது கேட்டுக்கொண்டே இருக்கும்படி டிரைவரை மாற்றினார்கள். கர்சர் ஓடியது. பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. அது சுற்றுவழி, அதை இழிவாகச் சொல்லவில்லை, பேட் இல்லாமல் லேப்டாப்பை வைத்திருப்பவருக்குச் சுற்றுவழியும் வழிதான். ஆனாலும் ஏன் ஏழெட்டு மட்டும் என்ற கேள்வி அப்படியே நின்றது.

விடை பேட்டிலும் இல்லை, டச்பேட் டிரைவரிலும் இல்லை. ஏஎம்டியின் பின் (pin) கட்டுப்பாட்டுச் சிப்பில் ஒரு வடிகட்டி உண்டு. இயந்திரப் பொத்தானை அழுத்தும்போது தொடர்பு துள்ளித் துள்ளி வரும் பொய்ச் சமிக்ஞைகளை ஒதுக்குவது அதன் வேலை. அதை அணைக்க வேண்டிய குறியீடு, பதிவகத்தில் அணைக்க வேண்டிய பிட்களை அணைக்கவில்லை. ஆகவே வடிகட்டி விழித்தே இருந்து, விரல் அனுப்பிய உண்மைச் சமிக்ஞைகளைத் துள்ளல் என்று எண்ணித் தள்ளிவிட்டது. தேடலின் போக்கில் இன்னொரு தவறும் வெளிப்பட்டது. வடிகட்டியின் காலக்கணக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தின் 512 துடிப்புகளை அலகாகக் கொள்கிறது. கணக்குப்படி அது 15,625 மைக்ரோ விநாடி. டிரைவரில் 15,600 என்று இருந்தது. ஆவணத்தில் யாரோ சுருக்கி எழுதிய எண் அப்படியே நிரலுக்குள் வந்திருக்க வேண்டும். 2020 இறுதியில் எழுதப்பட்ட திருத்தங்கள் மிகச் சில வரிகள்தான்.

இந்த வழக்கை நான் எடுத்தது சாகசத்துக்காக அல்ல. டச்பேட் கோளாறு என்று பெயரிடப்பட்ட ஒன்றின் வேர் டச்பேட்டோடு தொடர்பே இல்லாத குறியீட்டில் இருந்தது. சினாப்டிக்ஸ் தந்த அத்தனை விருப்பங்களையும் திருகியிருந்தாலும் இது சரியாகியிராது. அதேபோல லிப்இன்புட்டும் இதைச் சரிசெய்யவில்லை. அதன் முறை செய்தது ஒன்றுதான்: “இங்கே இல்லை, கீழே போ” என்று தெளிவாகச் சொன்னது. கருவியின் நேர்மைக்கு அது போதுமான சான்று.

பிஎஸ்/2 வழியாக வரும் பேட்களில் நிலைமை இவ்வளவு தூய்மையாக இல்லை. 1987-இல் ஐபிஎம் வகுத்த அந்த வாயில் மவுஸுக்கானது. விரல்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. டிரைவர் வழக்கத்துக்கு மாறான கட்டளைத் தொடர்களை அனுப்பித் தட்டிப் பார்க்கும். பேட் சரியான மறுமொழி தந்தால் அதன் இனம் தெரியும். தெரியாவிட்டால் பேட் வெறும் மவுஸாகவே நின்றுவிடும். கர்சர் நகரும், ஸ்க்ரோல் கிடையாது, அமைப்புகளில் டச்பேட் பக்கமே காணாது. புதிய பேட்கள் சில எஸ்எம்பஸ் வழியாகவும் பேசும். அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டால் கர்னல் தன் பதிவேட்டில் ஒரு செய்தி எழுதுகிறது: இந்தப் பேட் வேறு பஸ்ஸையும் ஏற்கும் போலிருக்கிறது, இந்த அளபுருவை இட்டுப் பாருங்கள், முடிவைத் தெரிவியுங்கள் என்று. அடக்கமும் நேர்மையும் உள்ள செய்திதான். ஆனால் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது கேட்கும். அவருக்கோ பெரும்பாலும் அந்த உதவி தேவைப்படாது.

தீர்வு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு இங்கே ஒரு கசப்பான எடுத்துக்காட்டு. எச்பி காம்பாக் என்சி6000 என்ற பழைய லேப்டாப் உறக்கநிலைக்குப் போக மறுத்ததால், உபுண்டு தன் தடுப்புப் பட்டியலில் இன்டெல் எஸ்எம்பஸ் மாட்யூலைச் சேர்த்தது. அந்த லேப்டாப்கள் புழக்கத்திலிருந்து போய்விட்டன. வரி மட்டும் போகவில்லை. 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனின் பேட் ஒழுங்காக ஓட அதே மாட்யூல் தேவைப்பட்டது. உபுண்டு பயனர்கள் அந்த வரியைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டியிருந்தது. தீர்வைப் பொதுவில் வைப்பது நன்மை என்று நான் வாதிடுவதால் இதை மறைக்க முடியாது. பொதுவில் வைத்த தவறும் எல்லோரையும் பிடிக்கும். தனிக் கோப்பில் இருந்திருந்தால் அது அந்த ஒரு எச்பியோடு போயிருக்கும்.

லிப்இன்புட்டின் விதிவிலக்குக் கோப்புகள் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. ஒவ்வொரு விலக்கும் குறிப்பிட்ட வன்பொருளின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பயனர் தன் கணினியில் உள்ளூர்க் கோப்பில் எழுதிச் சோதித்துவிட்டு, பலித்தால் மேலே அனுப்பலாம். உள்ளூர்க் கோப்பு இடைக்காலத்துக்கு, பொதுக்கோப்பு நிலைக்கு என்ற இந்தப் பிரிவினை சீரானது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை ஓட்டுவோருக்கு அந்த இடைக்காலம் ஆண்டுக்கணக்காக நீளலாம் என்பது நடைமுறைக் குறை. அது நிரலகத்தின் குற்றமல்ல என்றாலும் கோளாறை அனுபவிப்பவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது.

இனி குறைகள். விரலை எடுத்த பின் வழுக்கும் ஸ்க்ரோலை லிப்இன்புட் செய்வதில்லை. எந்தச் சாளரத்தில் எவ்வளவு தூரம் வழுக்க வேண்டும் என்பது செயலிக்குத்தான் தெரியும் என்பது அதன் வாதம். வாதம் சரி. கர்சரை வேறு சாளரத்துக்கு நகர்த்தியதும் பழைய வழுக்கல் அங்கே தொடரும் சினாப்டிக்ஸின் அபத்தத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் செயலிகள் பொறுப்பை ஏற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. எக்ஸ் என்னும் பழைய திரைச் சூழலில் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு சூழல் மாறியை அமைத்தே மென்மையான ஸ்க்ரோலை வரவழைக்க வேண்டியிருந்தது. கோட்பாட்டில் சரியான அடுக்கைச் சுட்டிவிட்டு, அந்த அடுக்கு ஆயத்தமாகும்வரை பயனரை வெறுங்கையோடு நிற்கவைத்தது நிறைவான செயல் அல்ல.

ஸ்க்ரோல் வேகம் இதைவிடக் கடுமையான வழக்கு. அதற்கென்று நிரலகத்தில் தனி அமைப்பு இல்லை. கம்போசிட்டரின் வேலை என்று தள்ளிவிடுகிறது. கேடிஇ பிளாஸ்மா அதற்கு ஒரு நகர்த்தியைத் தந்தது, ஸ்வே அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தந்தது, க்னோம் பல ஆண்டுகள் எதுவும் தரவில்லை. ஒரே லேப்டாப், ஒரே பேட், ஒரே நிரலகம். டெஸ்க்டாப்பை மாற்றினால் உரிமை மாறுகிறது. எக்ஸ் காலத்தில் சின்கிளையண்ட் அல்லது எக்ஸ்இன்புட் என்று ஒரு பொதுவான கை இருந்தது. எக்ஸின் இடத்துக்கு வந்த வேலண்டில் அது இல்லை. கோளாறு எங்கே என்று எல்லா டெஸ்க்டாப்பிலும் ஒரே மொழியில் சொல்லும் மென்பொருள், விருப்பம் என்ன என்று கேட்கும்போது மட்டும் டெஸ்க்டாப்புக்கு ஒரு மொழி பேசவிடுகிறது. ஒருமையை முதற்கொள்கையாகக் கொண்ட படைப்பில் இது உள்முரண்.

நிரலகத்தின் ஊகங்களும் சில இடங்களில் முறிகின்றன. தட்டச்சு செய்யும்போது பேட்டை அணைக்கும் வசதி, உள்ளமைந்த விசைப்பலகையோடு பேட்டை இணைசேர்த்து வேலை செய்கிறது; வெளியே செருகிய விசைப்பலகைக்கு அந்த அணைப்பு தேவையில்லை என்பது சரியான சிந்தனை. ஆனால் கீடி போன்ற விசைமாற்று மென்பொருளை ஓட்டினால் எழுத்துகள் மெய்நிகர் விசைப்பலகை ஒன்றிலிருந்து வருகின்றன. நிரலகம் அதை அந்நியமாகக் கருதுகிறது. உள்ளங்கை பட்டுக் கர்சர் பத்தி நடுவே தாவுகிறது. அந்த மெய்நிகர் விசைப்பலகையும் உள்ளமைந்ததே என்று விதிவிலக்கு எழுதினால் தீரும். அமைப்புப் பக்கத்தில் பெட்டி டிக் செய்யப்பட்டிருக்க, வசதி மட்டும் ஓடாமல் இருப்பதுதான் இதில் எரிச்சல்; காரணத்தைத் திரையில் எதுவும் சொல்வதில்லை.

மறுப்பதில் கண்டிப்பாக இருந்த நிரலகம் காலப்போக்கில் இளகியிருக்கிறது. கர்சர் முடுக்கம் பற்றிய புகார்கள் நீண்டு, 2023-இல் 1.23 பதிப்பு பயனரே முடுக்க வளைவை வரையறுக்க இடம் கொடுத்தது. மேக்கிலிருந்து வருவோர் கேட்டுக்கொண்டே இருந்த மூவிரல் இழுப்பு 2025-இல் 1.28 பதிப்பில் வந்தது. இவை சரணாகதி அல்ல. ஒவ்வொன்றும் சோதனைத் தொகுப்போடு, மற்றவற்றோடு மோதாதவாறு வரையறுக்கப்பட்டு வந்தன. விருப்பத்தைச் சேர்ப்பதும் ஒழுங்கைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்ற தொடக்க நிலைப்பாடு தேவைக்கு மேல் இறுக்கமானது என்பதை நிரலகத்தின் பிற்காலமே காட்டிவிட்டது.

ஆகவே கோளாறு கண்டறியும் முறையாக லிப்இன்புட்டை முதல் தரத்தில் வைக்கிறேன். அதற்கு முன் லினக்ஸ் டச்பேட் உலகில் முறை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. தீர்வைத் தனியுடைமையிலிருந்து பொதுவுடைமைக்கு மாற்றியதில் அதன் சாதனை இன்னும் பெரியது. கைக்கு இசைந்த கருவியாக அதை இரண்டாம் தரத்துக்கு மேல் வைக்க மனம் ஒப்பவில்லை. சினாப்டிக்ஸுக்குத் திரும்புங்கள் என்று இன்றும் அறிவுரை சொல்வோர், ஒரு பேட்டின் அசௌகரியத்தைப் போக்க எல்லாப் பேட்களின் திருத்தத்தையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள், அதை ஏற்பதற்கில்லை. மறுபுறம், ஸ்க்ரோல் வேகத்தைக் கேட்பவரிடம் அடுக்குகளின் இலக்கணத்தை விளக்குவோர், ஒரு சிறிய எண்ணை நிரலகத்தில் வைத்துக் கம்போசிட்டர்கள் எல்லாம் அதையே படிக்கும்படி செய்வதில் எந்த இலக்கணம் மீறப்படுகிறது என்று இதுவரை தெளிவாகக் காட்டவில்லை. முடுக்க வளைவுக்கு நிரலகத்திலேயே இடம் கொடுத்தார்கள்.